கவுன்சலிங் சைக்காலஜி முதுகலை: சேருவதற்கு முன் கேட்கும் கேள்விகள்

டிகிரி ரிசல்ட் வரும் சமயத்தில் என் போனுக்கு ஓய்வே இருக்காது. "என் பொண்ணு கவுன்சலர் ஆகணும்ங்கறா, எங்க சேர்க்கலாம்?" என்பதில் தொடங்கி "ஆறுதல் சொல்றதுக்கெல்லாம் படிக்கணுமா மேடம்?" வரைக்கும் கேட்பார்கள். நான் இந்தப் படிப்பை முடித்து 12 வருடம் ஆகிறது. கடைசி 5 வருடமாகப் பயிற்சி மாணவர்களுக்கு சூப்பர்வைசராகவும் இருக்கிறேன். சொன்னதையே சொல்லி நாக்கு வறண்டுவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு படிக்க நினைப்பவர்களுக்கானது இது. ஆட்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கவுன்சலர், சைக்காலஜிஸ்ட், சைக்யாட்ரிஸ்ட் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி. போன்ற மேற்படிப்பும் படித்த டாக்டர். மருந்துச்சீட்டு எழுதுவது அவர் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பது ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டிய ஒரு தொழில். நோயைக் கணிக்கும் சோதனைகள், தீவிரமான மனநலப் பிரச்சினைகளுக்கான சிகிச்சை எல்லாம் அவர்கள் பயிற்சியில் உண்டு. எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப் பணி முதுகலை வழியாக வருகிற சைக்யாட்ரிக் சோஷியல் வொர்க்கர் குடும்பம், வேலை, அரசு உதவி என்று நோயாளியின் மொத்தச் சூழலையும் பார்ப்பவர்.

கவுன்சலர் என்ற பெயருக்குத்தான் நம் ஊரில் வேலி கிடையாது. வெளிநாட்டுக் கல்லூரிக்கு ஆள் பிடிப்பவரும் கவுன்சலர், எடை குறைக்கப் பவுடர் விற்பவரும் கவுன்சலர். அந்தக் கூட்டத்தில் நீங்கள் முறையாகப் பயின்றவர் என்று காட்ட இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது முதுகலைப் பட்டமும், யாரிடம் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தீர்கள் என்ற கணக்கும்தான். முதலாவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி யாருமே கேட்பதில்லை.

யு.ஜி.யில் சைக்காலஜி இல்லை. பி.காம். முடித்தவர் சேர முடியுமா?

கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் சைக்காலஜி பட்டம் கட்டாயம். சில இடங்களில் எந்தப் பட்டமும் போதும், நுழைவுத் தேர்வும் நேர்முகமும் இருக்கும். என்னோடு படித்தவர்களில் ஒருவர் கெமிஸ்ட்ரி, ஒருவர் வங்கியில் இருந்து வந்தவர். முதல் செமஸ்டரில் திணறினார்கள். மூன்றாவதில், ஆட்கள் முன்னால் உட்கார்ந்தபோது, எங்களைவிட அவர்களே தேவலை. கவுண்டரில் கோபமான வாடிக்கையாளரை 6 வருடம் சமாளித்தவருக்கு இருக்கிற நிதானம் 21 வயதில் எனக்கு எங்கிருந்து வரும்?

பின்னால் கிளினிக்கல் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் பட்டத்தின் பெயரில் 'சைக்காலஜி' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'மனித வள மேம்பாடும் ஆலோசனையும்' என்பது போன்ற தலைப்புகள் அங்கே உதவாது.

எம்.ஏ.வா, எம்.எஸ்சி.யா?

ஒன்றுதான். அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கம். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலையை விடாமல் தொலைதூரக் கல்வியில் படிக்கலாமா?

2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்த பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. தடை போட்டுவிட்டது. 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் படிப்புகளைத் தபாலில் நடத்தக்கூடாது என்பது காரணம். ஆகவே இப்போது யாராவது "ஆன்லைனில் எம்.எஸ்சி. சைக்காலஜி, சீட் இருக்கு, இன்னிக்கே கட்டினா தள்ளுபடி" என்று போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

எனக்கு இதில் இரண்டு மனசு. வீட்டைவிட்டு நகர முடியாத பெண்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் ஒரே வாசலாக இருந்தது, அது அடைபட்டது வருத்தம்தான். ஆனால் நீச்சலைத் தபாலில் கற்க முடியாது என்பதும் உண்மை. தேர்வு எழுதி மட்டும் பட்டம் வாங்கி வந்த சிலரை நான் பார்த்திருக்கிறேன். புத்தகம் கரைத்துக் குடித்திருந்தார்கள், எதிரே ஒருவர் அழுதால் டிஷ்யூ பெட்டியைத் தேடி எழுந்து போய்விடுவார்கள்.

2 வருடத்தில் அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்?

நான்கு செமஸ்டர். ஆளுமைக் கோட்பாடுகள், வளர்ச்சி உளவியல், மனநோய்க் கூறுகள், ஆய்வு முறையும் புள்ளியியலும், சோதனைகள், குடும்ப ஆலோசனை, குழு ஆலோசனை, தொழில் அறம், கடைசியில் ஒரு ஆய்வேடு. ஃப்ராய்டில் ஆரம்பித்து கார்ல் ராஜர்ஸ், ஆரன் பெக், ஆல்பர்ட் எல்லிஸ் என்று வண்டி போகும். நோய்களின் வகைப்பாட்டுக்கு அமெரிக்கர்களின் டி.எஸ்.எம்.-5-டி.ஆர்., உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி.-11 இரண்டும் மேசையில் இருக்கும். புள்ளியியலைப் பார்த்து எல்லோரும் பயப்படுவார்கள். பாஸ் பண்ணிவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது ரோல் ப்ளே. கூடப் படிக்கிற ஒருத்தி கிளையன்ட் மாதிரி எதிரில் உட்காருவாள். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுவாள். 10 விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரியும். நான் 4 விநாடிகூடத் தாங்கவில்லை. "கவலைப்படாதே" என்று உளறிவிட்டேன். வகுப்பே சிரித்தது.

சோதனைத்தாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ.-9 என்று ஒன்று உண்டு. கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கூட்டிப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறதா என்பதுதான் அதன் 9-வது கேள்வி. மொத்த எண் குறைவாக இருந்து அந்தக் கேள்விக்கு மட்டும் 1 விழுந்திருந்தால், பேப்பரைக் கீழே வைத்துவிட்டு ஆளைப் பார்த்துப் பேச வேண்டும். வாய்விட்டுக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது ஆகாதா என்று புதியவர்கள் தயங்குவார்கள். ஆகாது. கேட்டதும் பெரும்பாலானவர்களுக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும்.

சூப்பர்விஷன், சூப்பர்விஷன் என்கிறீர்களே, அது என்ன?

நீங்கள் பார்த்த கேஸை உங்களைவிட அனுபவம் உள்ளவர் முன்னால் கொண்டுபோய் வைப்பது. வைப்பது என்றால் "நல்லாப் போச்சு மேடம்" என்று சொல்வது இல்லை. பேசியதை வரிக்கு வரி எழுத வேண்டும். அதற்கு 'வெர்பேட்டிம்' என்று பெயர். அவர் சொன்னது, நான் சொன்னது, எவ்வளவு நேரம் மௌனம், எப்போது அவர் கையை மடக்கினார், எல்லாம். 50 நிமிட செஷனை எழுத 3 மணி நேரம் ஆகும். மாணவர்கள் என்னைத் திட்டுவது இதற்காகத்தான், எனக்கும் தெரியும்.

என் முதல் வெர்பேட்டிம் இப்போதும் கண்முன் நிற்கிறது. கணவரை இழந்து 4 மாதம் ஆன ஓர் அம்மா. அவர் சொன்னார்: "அவரு போனதுலேருந்து உலை வைக்கறதே தப்பிப் போவுது மேடம். ரெண்டு பேருக்கு அளந்து போட்டுடறேன்." அடுத்த வரியில் நான்: "கவலைப்படாதீங்கம்மா, கொஞ்ச நாள்ல பழகிடும்." அதற்கு அடுத்த வரியில் அவர்: "ஆமாங்க." அப்புறம் ரேஷன் கார்டில் பெயர் மாற்றுவது பற்றிப் பேச்சு போய்விட்டது.

என் சூப்பர்வைசர் பென்சிலை எடுத்து, நான் பேசிய வார்த்தைகளையும் அந்த அம்மா பேசிய வார்த்தைகளையும் தனித்தனியாக எண்ணச் சொன்னார். நான்தான் அதிகம். பிறகு அந்த 'ஆமாங்க'வைச் சுற்றி வட்டம் போட்டார். "இங்கதான் கதவு சாத்தியிருக்கு. மிச்சச் சோறு என்னாச்சுன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் கேட்டேன். அந்த அம்மா ரொம்ப நேரம் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "தண்ணி ஊத்தி வச்சுருவேன். காலைல அவரு பங்கையும் நானே குடிச்சுருவேன். வேற யாருக்கும் குடுக்க மனசு வரல" என்றார். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். 4 மாதத்தில் முதல் தடவை என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் தெரியவில்லை.

எம்பதி, அதாவது அடுத்தவர் உணர்வை அவர் இடத்தில் நின்று உணர்வது பற்றி ராஜர்ஸ் எழுதியதை நான் பரீட்சையில் 15 மார்க்குக்கு எழுதியவள். ஆனால் மிச்சச் சோற்றைப் பற்றிக் கேட்கத் தோன்றாதவள். இந்த இடைவெளியை அடைக்கத்தான் சூப்பர்விஷன். பாடம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். உங்கள் 'ஆமாங்க'வைச் சுற்றி வட்டம் போட ஓர் ஆள் கிடைப்பது அரிது.

அப்படியானால் கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கட்டடத்தையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: நேரடியாக ஆட்களைப் பார்க்க எத்தனை மணி நேரம் கிடைக்கும்? ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை மாணவர்? அவர் இப்போதும் கிளையன்ட் பார்க்கிறவரா, அல்லது 20 வருடமாகப் பாடம் மட்டும் எடுப்பவரா? பயிற்சி இடத்தைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, 'நீயே பார்த்துக்கோ' என்று விடுமா?

கடைசிக் கேள்வியில்தான் பல இடங்களில் முகம் மாறும். நான் ஒரு பயிற்சி இடத்தில் 2 மாதம் ஃபைல் அடுக்கினேன். பெயர் வேண்டாம். லெட்டர்ஹெட்டில் '160 மணி நேரம்' என்று சான்றிதழ் தந்தார்கள். அதில் கிளையன்டைக் கண்ணால் பார்த்தது வரவேற்பறையில் மட்டும்.

சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், பெங்களூருவில் கிறைஸ்ட், மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று நீண்டகாலமாகப் பெயர் எடுத்த இடங்கள் இருக்கின்றன. அங்கேயும் மேலே உள்ள கேள்விகளைக் கேளுங்கள். பெயருக்காக விட்டுவிடாதீர்கள். இரண்டாம் வருட மாணவர் ஒருவரைக் கேன்டீனில் பிடித்து டீ வாங்கிக் கொடுத்தால் கையேட்டில் இல்லாத பதில் கிடைக்கும்.

பாடம் எல்லாம் ஆங்கிலத்தில். வருகிறவர்கள் தமிழில் பேசுவார்களே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் இருக்கும் கேள்வியை அப்படியே மாற்றி "அது உங்களை எப்படி உணர வைக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டதை நான் பயிற்சி அறையின் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறேன். எதிரே இருந்த பெரியவர் பாவம், "என்னம்மா கேக்குற?" என்றார். "அப்ப எப்படி இருந்துச்சு ஐயா?" என்றால் போதும். நம் ஆட்களில் பலர் மனசை உடம்பில் வைத்துப் பேசுபவர்கள். நெஞ்சு அடைக்குது, வயித்தக் கலக்குது, ஈரக்குலை நடுங்குது, கை கால் ஓடல, தலை பாரமா இருக்கு. இதையெல்லாம் ஜெனரல் டாக்டரிடம் சொல்லி, ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டு, கடைசியாகத்தான் நம்மிடம் வருவார்கள். வரும்போது கையில் ஸ்கேன் கவர் இருக்கும். அதை வாங்கி ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். புரியாவிட்டாலும் பார்க்க வேண்டும்.

சொற்களிலும் சிக்கல் உண்டு. பத்திரிகைகள் ஸ்ட்ரெஸ்ஸையும் மன அழுத்தம் என்கின்றன, டிப்ரஷனையும் மன அழுத்தம் என்கின்றன. "எனக்கு மன அழுத்தம்" என்று ஒருவர் வந்தால் ஆபீஸ் நெருக்கடியா, 3 மாதமாகக் குளிக்கக்கூட எழ முடியாத மனச்சோர்வா என்று விசாரித்தால்தான் தெரியும். 'குற்ற உணர்ச்சி' புத்தகச் சொல், வீட்டில் 'உறுத்துது' என்பார்கள். "எங்கயாவது கண்காணாம போயிடலாம்னு இருக்கு" என்பது சில சமயம் ஊருக்குப் போகும் ஆசை, சில சமயம் வேறு. "எங்க போகணும்னு தோணுது?" என்று மெதுவாகக் கேட்டுத்தான் பிரித்தறிய வேண்டும். இதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. உங்கள் பாட்டி பேசுவதைக் கவனியுங்கள், பஸ்ஸில் காது கொடுங்கள்.

அப்புறம் முறை வைத்துக் கூப்பிடுவது. 23 வயதுப் பெண் எதிரில் 55 வயது ஆள் உட்கார்ந்து "சொல்லு பாப்பா" என்பார். அமெரிக்கப் புத்தகத்தில் கிளையன்டைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். இங்கே அப்பா வயசுக்காரரைப் பெயர் சொன்னால் அன்றோடு முடிந்தது கதை. 'சார்', 'ஐயா', 'அண்ணே', எது என்பதை அவர் பேச்சிலிருந்தே பிடிக்கலாம். அவர் உங்களைப் பாப்பா என்றால் முதல் நாளே திருத்த வேண்டாம் என்பது என் கருத்து. என் சூப்பர்வைசர் இதில் என்னோடு சண்டை போடுவார்.

இன்டர்ன்ஷிப் எங்கெல்லாம் கிடைக்கும்?

மனநல மருத்துவமனை, குடிநோய் மீட்பு மையம், பள்ளி, புற்றுநோய் மருத்துவமனை, முதியோர் இல்லம், தொண்டு நிறுவனம் எல்லாவற்றிலும் முயலலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கிய பாரம்பரியம் கொண்டது. அதன் தலைவராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கியது, மனச்சிதைவு (ஸ்கிட்ஸோஃப்ரீனியா) நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பு. குடிநோய்க்கு 1980 முதல் டி.டி.கே. மருத்துவமனை. தற்கொலைத் தடுப்புக்கு 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா. அங்கே பேசுவோர் கவுன்சலர்களல்ல, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அது வேறு மரபு. ஆனால் காது கொடுப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அந்த மரபை அறிவது நல்லது. எந்த இடத்தில் எந்த ஆண்டு மாணவர்களைச் சேர்க்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

ஒரே ஒரு அறிவுரை: 2 வருடத்தில் ஒரு பயிற்சியாவது தீவிர மனநோய் உள்ளவர்கள் இருக்கும் வார்டில் இருக்கட்டும். கவுன்சலராகப் பிற்பாடு நீங்கள் அவர்களுக்குச் சிகிச்சை தரப்போவதில்லை. ஆனால் காலேஜ் பையன் ஒருவன் "பக்கத்து ரூம்ல என்னப் பத்தியே பேசுறாங்க" என்று சொல்லும்போது, இது ராகிங்கா, மனச்சிதைவின் தொடக்கமா, உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டுமா என்று உள்ளுக்குள் மணி அடிக்க வேண்டும். வார்டு பார்க்காதவர்களுக்கு அந்த மணி அடிப்பதில்லை.

இந்தப் பட்டத்துக்கு ஆர்.சி.ஐ. பதிவு கிடைக்குமா?

கிடைக்காது. கவுன்சலிங் சைக்காலஜி எம்.எஸ்சி. முடித்தவர் தன்னைக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ளக் கூடாது. இதை மூன்று தடவை படித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில கல்லூரிகளின் விளம்பரம் வேறு மாதிரி தொனிக்கும்.

கிளினிக்கல் பக்கம் போக இதுவரை வழக்கமாக இருந்த வழி, எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. சைக்காலஜியில் 55 சதவீதம் வாங்கி, ஆர்.சி.ஐ. அங்கீகரித்த இடத்தில் 2 வருட முழுநேர எம்.ஃபில். படிப்பது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி இடங்களில் போட்டி கடுமை. 2022-ல் யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. பிறகு கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்யாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு தந்தது. அந்த இடத்தை நிரப்ப ஆர்.சி.ஐ. புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. எனவே சேரும் ஆண்டில் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். போன வருடம் சேர்ந்த அண்ணன் சொன்னதை நம்ப வேண்டாம்.

மேலே சொன்ன 2021 சட்டத்தின் அட்டவணையில், ஆர்.சி.ஐ. பார்த்துக்கொள்ளும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நீங்கலாக மற்ற சைக்காலஜிஸ்டுகளும் பலவகைக் கவுன்சலர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். மாநில கவுன்சிலில் பதிவு என்பது அந்தச் சட்டத்தின் முக்கிய அம்சம். நாளைக்கு யாராவது உங்கள் பயிற்சி மணி நேரத்துக்கு ஆதாரம் கேட்கலாம். தேதி, நேரம், சூப்பர்வைசர் கையெழுத்தோடு நோட்டுப் போட்டு வையுங்கள். கல்லூரியில் இருக்கும்போது ஒரு கையெழுத்து வாங்குவது சுலபம், 7 வருடம் கழித்து அந்த மேடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கிளையன்ட் சொல்வது எல்லாம் ரகசியமா?

பெரும்பாலும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு என்பது போன்ற நிலைமைகளுக்கு விலக்கு உண்டு. 18 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் பாலியல் வன்முறை நடந்தது தெரியவந்தால் போக்ஸோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பதும் தண்டனைக்குரியது. பயிற்சி மாணவருக்கும் விதிவிலக்கு இல்லை.

இதைப் பிள்ளை வாய் திறந்த பிறகு சொன்னால் நம்பிக்கைத் துரோகம் ஆகிவிடும். முதல் சந்திப்பிலேயே, "நீ சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் கண்ணு. ஆனா உன்ன யாராவது காயப்படுத்தினா மட்டும் உன்னக் காப்பாத்த நான் சொல்லியாகணும்" என்று சொல்லிவிட வேண்டும். பள்ளிகளில் வேறு ஒரு தொல்லை: தலைமையாசிரியர் காரிடாரில் நிறுத்தி "அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?" என்பார். சிரித்துக்கொண்டே "நல்லாப் பேசினா சார்" என்று நடையைக் கட்டவும் பயிற்சி தேவை.

எனக்கே டிப்ரஷன் இருந்தது. நான் படிக்கலாமா?

தாராளமாக. ஆனால் உங்களைக் குணப்படுத்திக்கொள்ளவே படிப்பில் சேராதீர்கள். அதற்குத் தெரபிஸ்ட் இருக்கிறார், செலவும் குறைவு. படிக்கும் காலத்தில் நீங்களும் ஒரு தெரபிஸ்டிடம் போய் உட்காருங்கள் என்று என் மாணவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், டிப்ரஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எதிர் நாற்காலி எவ்வளவு கூசும் என்று தெரிந்தவர் வேறு மாதிரி கேள்வி கேட்பார்.

இப்போதே தாங்க முடியாமல் இருந்தால் அட்மிஷனைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச சேவை, தமிழிலும் பேசலாம், இரவு 2 மணிக்கும் எடுப்பார்கள்.

வேலை கிடைக்குமா? சம்பளம்?

வேலை கிடைக்கும், சம்பளம்தான் ஆரம்பத்தில் சிரிப்பு வரும். எனக்கு முதல் மாதம் 11,000 ரூபாய். அதில் சூப்பர்விஷன் கட்டணம் போக மிஞ்சியதை அப்பாவிடம் சொல்லவே இல்லை.

பள்ளி, கல்லூரி, ஐ.டி. கம்பெனிகளின் ஊழியர் நலத் திட்டங்கள், அரசு மருத்துவமனைகளின் எச்.ஐ.வி. ஆலோசனை மையங்கள், குடும்ப நீதிமன்றம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர், டெலி மானஸ் என்று இடங்கள் உண்டு. அரசுப் பணிகளில் பல ஒப்பந்த அடிப்படை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஒரு கவுன்சலரையோ சைக்காலஜிஸ்டையோ சமூகப் பணியாளரையோ வைத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி மாணவி ஒருவர் இறந்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. அதன் பிறகு எனக்குப் பள்ளிகளிலிருந்து வரும் போன் கூடியிருக்கிறது. "இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு பேரு வேணும்" என்று கேட்பவர்களும் அதில் உண்டு. அந்த இடங்களுக்கு என் மாணவர்களை அனுப்புவதில்லை.

படிப்பு முடித்த கையோடு தனியாக கிளினிக் போர்டு மாட்டாதீர்கள். 2, 3 வருடம் யாருக்காவது கீழே இருங்கள்.

42 வயதில் தொடங்கலாமா?

தொடங்குங்கள். நரைத்த தலைக்கு இந்தத் தொழிலில் மதிப்பு அதிகம்.

6 வார டிப்ளமா போதாதா?

உங்கள் பேச்சுத் திறனை வளர்க்கப் போதும். அடுத்தவர் உயிரைக் கையில் வாங்கப் போதாது.

இந்தப் பட்டத்தோடு அமெரிக்கா போனால் அங்கே கவுன்சலர் ஆகலாமா?

நேரடியாக முடியாது. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ் வேறு. ஆனால் கணக்கைப் பாருங்கள். அங்கே இத்தகைய படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பான கேக்ரெப், முதுகலைக்கு 60 கிரெடிட் கேட்கிறது. அதற்குள் முதலில் 100 மணி நேரப் பயிற்சி, அதில் 40 மணி நேரம் ஆட்களோடு நேரடியாக. பிறகு 600 மணி நேர இன்டர்ன்ஷிப், அதில் 240 நேரடியாக. பட்டம் வாங்கிய பிறகும் சூப்பர்விஷனில் ஆயிரக்கணக்கான மணி நேரம் வேலை செய்து, தேர்வு எழுதினால்தான் தனியாகத் தொழில் நடத்த முடியும்.

அவர்களுக்கும் இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. கவுன்சலர் லைசென்ஸுக்கு முதலில் சட்டம் போட்ட வர்ஜீனியா மாநிலம் 1976, கடைசியாக வந்த கலிஃபோர்னியா 2009. நடுவில் 33 வருடம். வெளிநாட்டு எண்ணம் இருந்தால் மட்டுமல்ல, இங்கேயே இருந்தாலும் அந்த 240-ஐ மனதில் வைத்துக்கொண்டு உங்கள் நோட்டைக் கூட்டிப் பாருங்கள்.

படித்து முடித்ததும் சொந்தக்காரர்களுக்குக் கவுன்சலிங் தரலாமா?

கூடாது. எதிரே இருப்பவர் உங்களுக்கு வேறு எந்த வகையிலும் உறவாக இருக்கக் கூடாது என்பது தொழில் அறத்தின் அரிச்சுவடி. ஆனால் நம் ஊரில் இதைக் கடைப்பிடிப்பது பரீட்சையைவிடக் கஷ்டம். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில், பந்தியில் சாம்பார் ஊற்றும்போது, ஒன்றுவிட்ட சித்தி பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, "என் மருமக மூஞ்சியே குடுக்க மாட்டேங்கறா, நீ படிச்சவதானே, ரெண்டு வார்த்த சொல்லி வையி" என்றார். மருமகள் எதிர்ப் பந்தியில் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த இன்னொரு கவுன்சலரின் எண்ணை எழுதி, "இது உங்களுக்கு சித்தி, நீங்க முதல்ல போய்ப் பாருங்க" என்று கொடுத்தேன். பாயசம் வருவதற்குள் எழுந்து போய்விட்டார். இன்னும் சரியாகப் பேசுவதில்லை.